படலை சாத்தியாச்சோ, மாமி?

பொறாமைக்குப் பென்சன் கிடையாது. இருந்திருந்தால் நான் எப்போதோ எடுத்துக்கொண்டு ஒரு மூலையில் இருந்திருப்பேன். பல் விழுந்தது, கண்ணில் வெண்படலம் வந்து வெட்டினார்கள், முழங்கால் மடக்கினால் கிறீச் என்கிறது. அந்தச் சாமான் மட்டும் எண்ணெய் போட்ட தையல் மெசின் மாதிரி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதுவும் எதற்குப் பொறாமை? காணிக்கா, நகைக்கா? ஒரு சின்னப்பிள்ளை யாருடைய சொல்லுக்குக் கக்கூசுக்குப் போகிறாள் என்பதற்கு. (சிரிக்கிறியள். சிரியுங்கோ. நானும் இப்ப சிரிக்கிறன்தான். ஆனால் சிரிக்க முன்னம் நான் ஒரு ஆயத்தம் செய்யவேணும். அது என்னவெண்டு பேந்து சொல்லுறன்.)

என் பெயர் பூரணம். ஊர் நீர்வேலி. கலியாணம் கட்டவில்லை. தம்பியின் மகள் சுகந்தி வீட்டில் இருக்கிறேன். சுகந்திக்கு நான் மாமி, அவளுடைய புருசன் ரமணனுக்கும் மாமி. அவர்களுடைய மகள் ஆரணியும் தாயைப் பார்த்துப் பழகி மாமி என்றே கூப்பிடுவாள். நான் சரியான கூச்சக்காரி. கடையில் முன்னுக்குப் போய் நின்று ஒரு சாமானைக் கேட்க எனக்கு வாய் வராது. பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போன பிறகு, கடைக்காரரே இரக்கப்பட்டு, "மாமிக்குப் பாண்தானே?" என்பார். தலையை ஆட்டுவேன். சீனி வாங்கப் போன அன்றும் தலையை ஆட்டிவிட்டு, தேத்தண்ணியில் தோய்த்துத் தின்கிற பாணோடு வந்திருக்கிறேன்.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. பெரிய கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்றைத் தவிர.

குழந்தைகளைச் சலத்துக்கும் மலத்துக்கும் பழக்குவதில் எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடுகளில் என்னை வெல்ல ஆள் இல்லை. கழுத்து நின்ற பிள்ளையைக் கொண்டுவந்து தந்தால் போதும். நிலத்தில் இருந்து, இரண்டு காலையும் நீட்டி, கணைக்காலில் பிள்ளையை இருத்தி, "ஸ்ஸ்ஸ்..." என்று ஒரு சத்தம் விடுவேன். எல்லோரும்தான் அந்தச் சத்தம் விடுகிறார்கள். என் சத்தத்தில் ஒரு இழுவை உண்டு. பிள்ளை ஒருக்கால் மேலே பார்க்கும், ஒருக்கால் கீழே பார்க்கும், வந்துவிடும். சுகந்தியைப் பழக்கியது நான். இப்போது கனடாவில் தாடி வைத்துக்கொண்டு நிற்கிற அவளுடைய தம்பியும் என் காலில் இருந்து எழும்பினவன்தான். (வீடியோவிலை நான் 'ஸ்ஸ்' எண்டால் இப்பவும் போனை வைச்சிட்டு ஓடுவான் எண்டு ரமணன் பகிடி விடுவார்.) முன்வீட்டு இரட்டைப்பிள்ளைகளை ஒரு காலுக்கு ஒன்றாக இருத்தியிருக்கிறேன்.

ஆரணியும் ஒழுங்காக இருந்தவள்தான். மூன்று வயதுக்குப் பிறகு ஒரு காய்ச்சல் வந்து, வயிறு காய்ந்து, ஒரு நாள் போகும்போது நொந்துவிட்டது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு கக்கா என்றால் பயம். வந்தால், போய்த் திரைச்சேலைக்குப் பின்னால் ஒளிவாள். காலைப் பின்னி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, முகம் பீற்றூட் மாதிரிச் சிவக்க நிற்பாள்.

"வருதோ பிள்ளை?"

"இல்லை."

"வாவன், ஒருக்காப் போய்ப் பாப்பம்."

"வரேல்லை எண்டுறன்!"

நாட்கணக்காக அடக்குவாள். அடக்க அடக்க உள்ளே கட்டிபட்டு, அந்தக் கட்டியைச் சுற்றித் தண்ணியாகக் கசிந்து உடுப்பில் படும். அது பட்டது அவளுக்கே தெரியாது. நேர்சரியில் மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பொத்தத் தொடங்கினார்கள். ஆரணி விளையாடப் போகாமல் சுவரோடு முதுகை வைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று ரீச்சர் சொன்னா. வருகிற தையில் முதலாம் வகுப்பு. அங்கே மாத்து உடுப்போடு யார் ஓடுவது? கந்தோர் வேலையை விட்டுவிடலாமா என்று சுகந்தி யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

(இதிலை ஊர் மானமும் கிடக்கு. நாங்கள் நீர்வேலி ஆக்கள். வாழைக்குலைக்குப் பேர்போன ஊர். லொறி லொறியா வாழைப்பழம் ஏத்திற ஊரிலை ஒரு பிள்ளைக்கு வயித்தாலை போகுதில்லை எண்டு வெளியிலை தெரிஞ்சால், ஆர் எங்கடை பழத்தை வாங்குவினம்?)

நான் சும்மா இருக்கவில்லை. கதலிப்பழம், பப்பாப்பழம், வெந்நீர் எல்லாம் கொடுத்தேன். அதைவிடப் பெரிய மருந்து என் தொண்டை. கக்கூஸ் வாசலில் நின்று, "முக்கு! முக்கடி ராசாத்தி! இன்னும் முக்கு!" என்று கத்துவேன். ஊருக்குள் வாய் திறக்காதவள், கக்கூஸ் வாசலில் தேர்தல் மேடைக்காரி. நான் கத்த அவள் இறுக்குவாள். அவள் இறுக்க நான் இன்னும் கத்துவேன். வெளியே வரும்போது இரண்டு பேருக்கும் வியர்த்திருக்கும், ஆனால் காரியம் நடந்திருக்காது.

கடைசியில் பிள்ளைகளின் டொக்டர் ஒருவர் வயிறு இளக ஒரு பாணி மருந்து எழுதினார். கூடவே, டவுனில் இருக்கிற ஒரு பிசியோ மிஸ்ஸிடம் கூட்டிக்கொண்டு போகவும் சொன்னார்.

"பிசியோவோ?" என்று நான் கேட்டேன். "அது கைகால் முறிஞ்ச ஆக்களுக்கெல்லோ? இவளுக்கு என்ன முறிஞ்சது?"

"அடியிலையும் தசை கிடக்காம் மாமி. அதைத் தளர்த்தப் பழக்குவினமாம்" என்றாள் சுகந்தி.

"பழக்குறதோ? நான் பழக்காததையோ?"

சுகந்தி டொக்டர் எழுதின துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அந்த மடிப்புதான் எனக்கு முதலில் குத்தியது.

முதல் நாள் போய் வந்த ஆரணி ஓட்டோவால் இறங்க முதலே கத்தினாள். "மாமி! எனக்குக் கீழை ஒரு படலை கிடக்கு! உங்களுக்கும் கிடக்கு! அம்மாவுக்கும் கிடக்கு! அப்பாவுக்கும் கிடக்கு!"

ஒழுங்கையால் போன ஒருவர் சைக்கிளை மெதுவாக்கினார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

பிறகு சுகந்தி விளக்கப்படுத்தினாள். வீட்டு வாசலில் திறந்து சாத்துகிற படலை மாதிரி எங்களுக்குக் கீழேயும் தசையால் ஒரு படலை இருக்கிறதாம். கக்காவும் சலமும் வெளியே போக அது திறக்கவேண்டும். ஆரணி பயத்தில் அதைச் சாத்திச் சாத்தி, இப்போது திறக்கவே மறந்துபோனாளாம். "சாத்தின படலையை உள்ளுக்கை இருந்து தள்ளினால் என்ன நடக்கும்? படலைக்கும் நோகும், தள்ளுறவைக்கும் நோகும். அதாலை இனி ஒருத்தரும் 'முக்கு' எண்டு சொல்லப்படாதாம்" என்றாள்.

ஒருத்தரும் என்று சொல்லும்போது வீட்டில் எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். என்னைப் பார்க்கவில்லை என்று காட்டுவதற்காக.

மிஸ்ஸின் சட்டங்கள் வீட்டுக்குள் வந்தன. சாப்பிட்ட கையோடு கொமட்டில் இருக்கவேண்டும். முழங்கால் உயர்ந்து நிற்க, காலுக்குக் கீழே ஒரு பலகை வைக்கவேண்டும். ரமணன் அன்றைக்கே பலகை அடித்தார். (குசினிக்கு ஒரு தட்டு அடிச்சுத் தாங்கோ எண்டு நான் கேட்டு எவ்வளவு காலம்!) வாயை இறுக்கக்கூடாது. வாய் இறுகினால் படலையும் இறுகுமாம். அதற்காகச் சவுக்காரத் தண்ணியில் குமிழி ஊதவேண்டும். ஊத ஊத வயிறு தளர்ந்து, படலை தானாகத் திறக்குமாம். எங்கள் கக்கூசுக்குள் இருந்து குமிழி குமிழியாகப் பறந்துவரும். உள்ளே ஏதோ கொண்டாட்டம் என்று பூனை வாசலில் போய்க் குந்தியிருக்கும்.

நான் குந்தியிருக்க முடியாது. "மாமி, நீங்கள் தள்ளிப் போங்கோ. அவசரப்படுத்தப்படாதெண்டு மிஸ் சொன்னவ."

மிஸ் சொன்னவ. சோறு தீத்தினால் மிஸ் சொன்னவ. தலை வாரி இழுத்தால் மிஸ் சொன்னவ. மிஸ்ஸின் தலைமயிர் வடிவு. மிஸ்ஸின் மூக்குத்தி வடிவு. மிஸ்ஸில் நல்ல வாசம் வரும். அதைக் கேட்ட அன்று பின்னேரம் நான் முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து அவளுக்கு முன்னால் இரண்டு தரம் நடந்தேன்.

"மாமி, முகத்திலை மா கிடக்கு" என்றாள்.

ஒரு நாள் வீட்டுப் படம் கீறினாள். அம்மா, அப்பா, பூனை, நடுவில் எல்லோரையும்விடப் பெரிதாக ஒருத்தி.

"ஆர் உது?"

"மிஸ்."

"மிஸ் எங்கடை வீட்டிலையோ இருக்கிறா?"

"வந்தால் இருப்பா."

"அப்ப நான் எங்கை?"

யோசித்தாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டியை விரலால் தொட்டாள். "நீங்கள் கக்கூசுக்குள்ளை."

கதவையும் சாத்திக் கீறியிருந்தாள்.

எனக்கு அது சரியாகச் சுட்டது. சுட்டதற்குக் காரணம், பிள்ளை பொய் கீறவில்லை. சில வருடமாகத் தும்மினால், இருமினால், விழுந்து சிரித்தால், எனக்குச் சலம் ஒரு சொட்டு வந்துவிடும். (சொட்டு எண்டு எழுதினது கூச்சத்திலை. ஒரு சிரட்டை எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.) அதனால் நான் அடிக்கடி கக்கூசுக்குப் போய் இருப்பேன். நாக்கு நனையத்தான் தண்ணி குடிப்பேன். கலியாண வீடுகளுக்குப் போவதை விட்டேன். ரமணன் பெரிய பகிடிக்காரர். அவர் பகிடி சொல்லத் தொடங்கினால், நான் எழும்பிக் குசினிக்குப் போய்விடுவேன். மாமிக்குத் தன்னைப் பிடிக்காது என்று அந்த மனுசன் கனகாலம் நினைத்திருந்தார். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். ஒழுங்கையில் இருக்கிற பிள்ளைகளை எல்லாம் பழக்கியவளுக்கு இப்படி என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அப்படி இருக்கும்போதுதான் சுகந்திக்கு விடமுடியாத ஒரு கூட்டம் வந்தது. "மாமி, இண்டைக்கு ஒருநாள் நீங்கள் ஆரணியை மிஸ்ஸிட்டைக் கூட்டிக்கொண்டு போவியளோ?"

வேறு நாளாக இருந்தால், டவுன், தெரியாத இடம், தெரியாத ஆட்கள் என்று கையைக் காலை உதறியிருப்பேன். அன்று எனக்குள்ளே யாரோ சந்தோசத்தில் தேங்காய் உடைத்தார்கள். அந்த மிஸ்ஸை நேரில் பார்க்கவேண்டும். பிள்ளை பழக்குவது என்றால் என்னவென்று, வாயால் இல்லாவிட்டாலும் ஒரு பார்வையால் காட்டவேண்டும். தேர்த்திருவிழாவுக்கு மட்டும் உடுக்கிற மாம்பழக்கலர்ச் சேலையை எடுத்து உடுத்தேன்.

"மாமி, கிளினிக்குக்கோ, பொம்பிளை பாக்கவோ?" என்றார் ரமணன். நான் சிரிக்கவில்லை. பழக்கதோசம்.

எங்கள் ஒழுங்கைக்காரன் சிவாவின் ஓட்டோவில் போனோம். வழி முழுக்க ஆரணி என் கையைப் பிடித்திருந்தாள். கிளினிக் கதவு திறந்ததும் அந்தக் கை கழன்றது. "மிஸ்!" என்று ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான் மாம்பழக்கலரில், வாசலில், நிலைக்கு ஒரு குலை கட்டின மாதிரி நின்றேன்.

தர்சினி மிஸ் ஒரு கர்வக்காரியாக இருக்கவேண்டும் என்று வழியெல்லாம் கும்பிட்டுக்கொண்டு வந்தேன். கடவுள் கேட்கவில்லை. மூக்குத்தி போட்ட சின்னப் பெட்டை. நீலக் காற்சட்டை. எழும்பி நின்று, "வாங்கோ மாமி, இருங்கோ. உங்களைப் பற்றி ஆரணி கதைக்காத நாள் இல்லை" என்றாள். (பொய் எண்டு நினைச்சன். கக்கூஸ் படத்தை நான் கண்டனான்.) வாசமும் மெய்தான். மல்லிகை மாதிரி ஒன்று.

முதலில் தண்ணி. "ஆரணி தண்ணி குடிக்கிறதிலை கள்ளி. நாங்கள் மூண்டு பேரும் சேர்ந்து குடிப்பம், என்ன?" என்று மூன்று கிளாசில் ஊற்றினாள். தான் ஒரே மூச்சில் குடித்தாள். ஆரணி கைதட்டினாள்.

நானும் ஒரே மூச்சில் குடித்தேன். கைதட்டு வந்தது. ஆனால் மிஸ்ஸுக்குத் தட்டினதைவிடக் கொஞ்சம் குறைவு. நானே போத்தலை எடுத்து இன்னொரு கிளாஸ் ஊற்றிக் குடித்தேன். "ஐயோ மாமி வெண்டிட்டா!" என்றாள் ஆரணி. அந்த வார்த்தைக்காக இன்னும் ஒன்று. வருடக்கணக்காக நாக்கு மட்டும் நனைத்தவள், ஒரு கைதட்டலுக்காக ஒரு குடம் இறக்கினேன்.

பிறகு ஆரணியை ஒரு நீலப் பாயில் மல்லாத்தி, வயிற்றில் ஒரு பிளாஸ்டிக் வாத்தை வைத்தாள் மிஸ். மூச்சு எடுக்க வாத்து மேலே போகும், விட வாத்து கீழே வரும். "வாத்து கீழை வரேக்கை படலையை மெல்லமாத் திற பாப்பம். அவசரம் இல்லை." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிவந்து நிற்கிற பிள்ளை, அங்கே வாழைத்தண்டு மாதிரித் தளர்ந்து கிடந்தாள். பார்க்கச் சந்தோசமாக இருக்கவேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பற்றிக்கொண்டு வந்தது அது மட்டும் இல்லை. குடித்த குடம் உள்ளே அறிவித்தல் கொடுக்கத் தொடங்கியது. கக்கூஸ் எங்கே என்று கேட்கவேண்டும். வாய் வரவில்லை. சுவர் முழுக்கக் கொமட்டில் இருக்கிற பிள்ளைகளின் படம். மேசையில் ஒரு பொம்மை, அதுவும் கொமட்டில். காலையில் இருந்து மாலை வரை அதைப் பற்றியே கதைக்கிற இடம். அந்த இடத்தில் "எங்கை பிள்ளை கக்கூஸ்?" என்று கேட்கக் கூச்சப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். காலைப் பின்னிக்கொண்டு, கதிரையின் பிடியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். (ஓம். திரைச்சேலைக்குப் பின்னாலை நிண்ட ஆரணி மாதிரித்தான். அப்ப அது விளங்கேல்லை.)

அப்போது வாத்தோடு படுத்திருந்த ஆரணி சொன்னாள்: "மிஸ், மாமி என்னைக் காலிலை இருத்தி 'ஸ்ஸ்' சொல்லுவா. குட்டிப் பிள்ளையாய் இருக்கேக்கை. எல்லாருக்கும் வரும்."

மிஸ் திரும்பினாள். "மெய்யாவோ மாமி? எங்கடை அம்மம்மாவும் செய்தவவாம், நான் ஒருநாளும் கண்டதில்லை. எப்பிடியெண்டு ஒருக்காக் காட்டுங்கோவன்."

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் "காட்டுங்கோ" என்று கேட்டது அதுதான் முதல் தரம். புத்தி சொன்னது, வேண்டாம் பூரணம், முதல் கக்கூசைக் கேள் என்று. பொறாமை சொன்னது, இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று. நான் பொறாமையின் சொல்லைக் கேட்டேன்.

பாயில் இருந்தேன். சேலையை ஒதுக்கி, இரண்டு காலையும் நீட்டினேன். ஆரணியை இழுத்துக் கணைக்காலில் இருத்தினேன். ஐந்து வயதுப் பிள்ளை, வாழைப்பழம் தின்று வளர்ந்தது, அரிசி மூட்டைக் கனம். வெளியே காத்திருந்த இரண்டு தாய்மாரும் கதவடியில் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"பாருங்கோ, முழங்கால் எப்பிடி உயர்ந்து நிக்குது! நாங்கள் பலகை வைச்சுச் செய்யிறதை மாமி காலாலை செய்திருக்கிறா" என்று மிஸ் அவர்களுக்குக் காட்டினாள். ஆரணி என்னை அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் மிஸ் இல்லை, வாத்து இல்லை, நான் மட்டும்தான். நான் கண்ணை மூடி, என் பழைய இழுவையோடு, ஊரே கேட்கிற மாதிரி விட்டேன்.

"ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்..."

என் சத்தத்துக்கு வராத சலம் இல்லை என்று சொன்னேன் அல்லவா? வந்தது. ஆரணிக்கு இல்லை.

நிற்பாட்டப் பார்த்தேன். கேட்கவில்லை. மாம்பழக்கலர் மெல்ல மெல்லக் கடும் கலராக மாறியது. நீலப் பாயில் ஒரு சின்ன வாய்க்கால் புறப்பட்டு, வாத்தைத் தேடிக்கொண்டு போனது. பிறகு ஆரணி குனிந்து பார்த்தாள். கையிரண்டையும் தூக்கினாள்.

"மிஸ்! மாமிக்கு வந்திட்டுது!"

பரிசு விழுந்த மாதிரிக் கத்தினாள். கதவடியில் நின்ற தாய்மாரில் ஒருத்தி லேஞ்சியால் வாயைப் பொத்தினாள். மிஸ் எழும்பிக் கதவைச் சாத்தினாள். ஒரு துவாயைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டுப் பக்கத்தில், ஈரத்துக்குப் பக்கத்திலேயே, இருந்தாள்.

"கனகாலமோ மாமி?" என்றாள்.

சிரித்திருந்தால் வெறுத்திருப்பேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. தலையைத் தலையை ஆட்டினேன், கடையில் பாணுக்கு ஆட்டுகிற மாதிரி.

ஆரணிக்கு நான் அழுவது பிடிக்கவில்லை. ஓடிப்போய்த் தன் பையைத் திறந்தாள். நேர்சரிக்குக் கொண்டுபோகிற மாத்து உடுப்பு எப்போதும் அதற்குள் கிடக்கும். முயல் படம் போட்ட ஒரு குட்டிச் சங்கியை, தன்னுடைய உள்ளுடுப்பை, எடுத்துக்கொண்டு வந்து எனக்கு நீட்டினாள்.

"அழாதேங்கோ மாமி. இது பிழை இல்லை. படலை மறந்துபோச்சு, அவ்வளவுதான். இதைப் போடுங்கோ."

மிஸ் அவளுக்குச் சொன்ன சொல், அப்படியே. நான் அந்தச் சங்கியைப் பார்த்தேன். அது என் ஒரு கைக்குக் காணாது. என்னைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க, மிச்சம் இருந்ததும் வந்தது. அதைப் பார்த்து ஆரணி சிரித்தாள். அதற்குப் பிறகுதான் மிஸ் சிரித்தாள். மூன்று பேரும் அந்த ஈரப் பாயில் இருந்து கண்ணால் தண்ணி வரச் சிரித்தோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்ட ஆரணி திடீரென்று நிமிர்ந்தாள். திரைச்சேலையைத் தேடவில்லை. காலைப் பின்னவில்லை.

"மிஸ், எனக்கும் வருது. கக்கா."

மிஸ் கையை நீட்டினாள். ஆரணி அந்தக் கையைப் பிடிக்கவில்லை. "மாமியும் வரட்டும். குமிழி மாமி ஊதட்டும்" என்றாள்.

துவாயைக் கட்டிக்கொண்டு, கொமட்டுக்கு முன்னால் நிலத்தில் குந்தியிருந்து நான் குமிழி ஊதினேன். ஒரு தரமும் "முக்கு" என்று சொல்லவில்லை. நாக்கு நுனியில் வந்து நின்றது, விழுங்கினேன். கொஞ்ச நேரத்தில் தண்ணிக்குள் ஒரு சத்தம் கேட்டது. இருபத்தொரு குண்டு முழங்கினாலும் எனக்கு அப்படி இனித்திருக்காது.

"நோகேல்லை மாமி" என்றாள், ஆச்சரியமாக.

(கவனியுங்கோ. மாமி எண்டுதான் சொன்னவள். மிஸ்ஸும் பக்கத்திலைதான் நிண்டவ. நான் சும்மா சொல்லுறன்.)

நன்மை அவ்வளவோடு முடிந்தது. இனி வீட்டுக்குப் போகவேண்டும். சேலை பிழிகிற ஈரம். மிஸ் தன்னுடைய மாத்துக் காற்சட்டை ஒன்றைத் தந்தாள். நீலம், கரையில் இரண்டு வெள்ளைக் கோடு. பிறந்து இத்தனை காலத்தில் சேலையையும் வீட்டில் போடுகிற நீளச் சோட்டியையும் தவிர ஒன்றும் போடாதவள், சட்டைக்குக் கீழே ஓட்டப் போட்டிக்காரி மாதிரி நின்றேன். மேலுக்குக் கிளினிக் கட்டில் விரிப்பைப் போர்த்திக்கொண்டேன். அதில் யானைக்குட்டிகள்.

சிவா ஓட்டோவைக் கிளப்ப மறந்து பார்த்தான். "என்ன மாமி, விளையாட்டுப் போட்டியோ?"

நான் வாயைத் திறக்கவில்லை. ஆரணி திறந்தாள். கிளினிக் வாசலில் தொடங்கி நீர்வேலி வரை, ஒன்றும் விடாமல், "ஸ்ஸ்" சத்தம் உட்பட, எல்லாம் சொன்னாள். சிவா சிரிப்புத் தாங்காமல் இரண்டு தரம் ஓட்டோவை ஓரம் கட்டிவிட்டுத்தான் ஓட்டினான். நாங்கள் வீட்டுக்குள் போய்ச் சேர முன்னம் கதை ஒழுங்கைக்குள் வந்துவிட்டது. அடுத்த நாள் கடையில் வழக்கம்போலப் பின்னால் நின்றேன். எல்லோரும் விலகி எனக்கு முன்னுக்கு இடம் விட்டார்கள். "மாமியை நிக்க வைக்கப்படாது, அவசரமா இருக்கும்" என்றார் கடைக்காரர். வந்த ஆத்திரத்தில் கூச்சம் மறந்து, "சீனி!" என்று வாய்விட்டுக் கேட்டேன்.

ஆரணிக்கு ஒரே நாளில் எல்லாம் சரிவரவில்லை. "இண்டைக்கு வந்தது நல்லது, நாளைக்கும் பயப்பிடாமல் வரவேணும்" என்று மிஸ் அன்றே சொன்னாள். மருந்தும் பலகையும் குமிழியுமாக மாதங்கள் எடுத்தது. இடையில் வழுக்கிய நாட்களும் உண்டு. அந்த நாட்களில் சுகந்தியோடு நானும் போனேன். மிஸ் என்னையும் விடவில்லை. அவளுக்குத் திறக்கப் பழக்கினாள், எனக்குச் சாத்தப் பழக்கினாள். ஒரே பாயில், ஒரு தலைமாட்டில் அவள், மற்றத் தலைமாட்டில் நான். வாத்தும் இரண்டு.

அதோடு வீட்டில் புதிதாக ஒரு பொறாமைக்காரி உண்டானாள்.

"மிஸ் மாமியோடை மட்டும் கதைக்கிறா" என்று ஆரணி மூக்கைச் சுளித்தாள். "மிஸ் என்ரை. மாமிக்கு வேறை மிஸ் பிடியுங்கோ."

அன்று சந்தோசத்தில் நான் ஒரு கிளாஸ் தண்ணி கூடுதலாகக் குடித்தேன்.

தையில் ஆரணி முதலாம் வகுப்புக்குப் போனாள். பையில் மாத்து உடுப்பு கொஞ்சக் காலம் கிடந்தது. பிறகு அந்த இடத்தில் ஒரு கதலிப்பழம் வந்தது. சுகந்தி கந்தோரை விடவில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு வழக்கம் வந்தது. யாராவது பகிடி சொல்லப் போனால், முதலில் என் பக்கம் திரும்பி, "படலை சாத்தியாச்சோ, மாமி?" என்று கேட்பார்கள். நான் கதிரையில் நிமிர்ந்து, மூச்சை விட்டு, சாத்துவேன். "சாத்தியாச்சு, சொல்லுங்கோ." கனடாக்காரனும் வீடியோவில் கேட்டுவிட்டுத்தான் கதையைத் தொடங்குவான். ரமணனின் பகிடிகளை இப்போது நான் குசினிக்கு ஓடாமல் முழுதாகக் கேட்கிறேன். இத்தனை வருடமும் ஓடியதில் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை என்று தெரிகிறது. அவ்வளவு மோசமான பகிடிகள். ஆனால் அந்த மனுசன் சொல்லிவிட்டு முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார். நான் சிரிப்பேன்.

ஆரணி இப்போது இரண்டாம் வகுப்பு. போன கிழமை டான்சுக்குச் சேர்த்தார்கள். முதல் வகுப்பு முடிந்து வந்தவள், நான் கீரை ஆய்கிற இடத்தில் வந்து குந்தினாள்.

"டான்ஸ் மிஸ் சொன்னவ, எனக்கு நல்ல தாளமாம். டான்ஸ் மிஸ்ஸின்ரை கண் சரியான வடிவு மாமி."

நான் கீரையைக் கொஞ்சம் பலமாக முறித்தேன். அவள் கதையை நிற்பாட்டி, என் முகத்தை உற்றுப் பார்த்து, விரலால் என் நாடியைத் தொட்டாள்.

"மாமி, வாய் இறுகிப்போச்சு. படலையைத் திறவுங்கோ."

(திறந்தன். ஆனாலும் அந்த டான்ஸ் மிஸ்ஸை ஒருக்கா நேரிலை பாக்கத்தான் வேணும். மாம்பழக்கலர்ச் சேலை தோய்ச்சு மடிச்சுத்தான் கிடக்கு.)